தென்னை முடியிலும் கண்டல் கிளையிலும் எண்ணப்படாத உயிர்கள்

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை இலங்கை முழுவதும் ஒரு விநோதமான கணக்கெடுப்பு நடைபெற்றது. விவசாய அமைச்சின் ஏற்பாட்டில் நடந்த இக்கணக்கெடுப்பில், அந்த ஐந்து நிமிடத்தினுள் தத்தம் காணிகளில் கண்ணிற்பட்ட குரங்குகளையும் மந்திகளையும் மர அணில்களையும் மயில்களையும் எண்ணிக் குறித்துத் தருமாறு பொதுமக்கள் கேட்கப்பட்டனர். தேங்காய்க்குத் தட்டுப்பாடு நிலவி, அதன் விலை இல்லத்தரசிகளின் கணக்கை முற்றாகக் குழப்பியிருந்த காலம் அது. ஒரு கிளையில் ஒரு நிமிடம் தரித்து நில்லாத குரங்கை ஐந்து நிமிடத்தில் எண்ணுவது எங்ஙனம் என்று கேலி பேசியோர் பலர். கேலியில் நியாயம் இருந்தது. ஆயினும், எண்ணிப் பாராமல் எதனையும் நிர்வகிக்க இயலாது என்ற உணர்வு அரச மட்டத்தில் தோன்றியமை வரவேற்கத்தக்கதே.

நமது மனக்குறை வேறொன்று. அதே தென்னையின் முடியில், குரங்குக்குச் சற்றும் குறையாத அழிவைச் செய்ய வல்ல உயிர்களும், அவ்வழிவைத் தடுத்து நிறுத்த வல்ல உயிர்களும் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாதவை. அல்லது தெரிந்தும் எவரும் பொருட்படுத்தாதவை. அவற்றைப் பற்றிய முறையான கணக்கு, தென்னையையும் கண்டலையும் நம்பி வாழும் புத்தளம் மாவட்டக் கரையோரத்திற்கு ஏன் அவசியம் என்பதை அம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறே சொல்லும்.

1997ஆம் ஆண்டின் இறுதியில் கற்பிட்டித் தீபகற்பத்தின் தென்னந்தோப்புகளில் குரும்பைகள் வழமைக்கு மாறாக உதிரத் தொடங்கின. உதிராது தப்பிய காய்களின் காம்படியில் முக்கோண வடிவில் வெளிறிய தழும்பு தோன்றி, பின்னர் கபில நிறமாகி, வெடித்து, காய் முற்றும்போது பொச்சு மரக்கட்டை போல் இறுகிவிட்டது. தேங்காய் சிறுத்தது, உரிப்பதற்குக் கடினமாயிற்று, தும்புக்கும் உதவவில்லை. அக்காலத்தில் கற்பிட்டிப் பாதையில் பயணித்தோர், வியாபாரிகள் ஒதுக்கித் தள்ளிய காய்கள் குவிந்து கிடந்ததைக் கண்டிருப்பர். இக்கட்டுரையாளரும் கண்டதுண்டு. வறட்சி என்றே அன்று நினைத்தோம்.

காரணம் வறட்சி அன்று. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு நீளமே உடைய, புழுப் போன்ற உடலும் நான்கு கால்களும் கொண்ட ஒரு சிலந்திப்பேன். மெக்சிக்கோவின் குவெரேரோ மாநிலத்திலிருந்து பெறப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 1965இல் அமெரிக்க ஆய்வாளர் கெய்ஃபர் விவரித்த இனம் அது. அறிவியற் பெயரான ‘அசெரியா குவெரெரோனிஸ்’ என்பதில் அம்மாநிலத்தின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1960களிலேயே மேற்கு ஆபிரிக்காவைச் சென்றடைந்துவிட்ட இந்தப் பேன், இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்ட இடம் கற்பிட்டி. அடுத்த ஆண்டில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும், பின்னர் தமிழ்நாட்டின் தோப்புகளிலும் அது காணப்பட்டது.

குரும்பையின் காம்படியைத் தொப்பி போல் மூடியிருக்கும் இதழடுக்கின் கீழ் இப்பேன் கூட்டமாகக் குடியிருந்து, வளரும் இளந்திசுவின் சாற்றை உறிஞ்சுகிறது. அங்கே மழை படாது. மருந்தும் எளிதில் சேராது. காற்றில் ஏறி மரத்துக்கு மரம் செல்லும். இதனைவிட முக்கியமான ஒன்று உண்டு. குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தென்னை முக்கோணத்தில் தேங்காய் பறிப்பவர் பெரும்பாலும் மரத்தில் ஏறுவதில்லை. நீண்ட கொக்கத்தடியால் தரையில் நின்றே குலையை அறுத்து வீழ்த்துவது இங்குள்ள வழக்கம். ஆகவே தென்னை முடியை நேரில் காணும் கண் ஒன்று தோப்பில் இல்லை. அங்கு நிகழ்வது எதுவாயினும், அது தரையில் விழுந்த பின்னரே நமக்குச் செய்தியாகிறது.

இதில் ஒரு முரண் உள்ளது. 1929இல் தோற்றம் பெற்ற தென்னை ஆராய்ச்சி நிறுவகம் அமைந்திருப்பது இதே புத்தளம் மாவட்டத்தின் லுணுவிலையில். எழுபது ஆண்டு அனுபவம் கொண்ட ஓர் ஆய்வு நிலையம் இருந்த மாவட்டத்திலேயே பேன் வந்திறங்கியது. நிறுவகத்தைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. மாறாக, பேன் வந்த பின்னர் அங்குள்ள ஆய்வாளர்கள் ஆற்றிய பணி போற்றத்தக்கது. தென்னை முடியில் வேறு என்னென்ன சிலந்திப்பேன்கள் வாழ்கின்றன என்று அவர்கள் தேடத் தொடங்கினர். பிரேசில் நாட்டு நிபுணர் மொராயிசுடன் இணைந்து அவர்கள் எழுதிய, இலங்கைத் தென்னைகளில் வாழும் இரைகௌவிப் பேன்கள் பற்றிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அத்தேடல்களின் வழியே, தட்டையான நீண்ட உடல் காரணமாக இதழடுக்கின் கீழ் நுழைந்து எதிரியை உண்ணக்கூடிய ‘நியோசெய்யுலஸ் பராக்கி’ என்ற இரைகௌவி நம்பிக்கைக்குரியதாக அடையாளம் காணப்பட்டது. ஆய்வுகூடத்தில் அது பெருக்கப்பட்டுத் தோப்புகளில் விடப்பட்டது.

அவ்வாய்வுகளிற் கிடைத்த ஒரு நுட்பமான செய்தி நம்மை வியக்கவைத்தது. நோயற்ற குரும்பையில் இதழடுக்குக்கும் காய்க்கும் இடையிலான இடுக்கு மிகக் குறுகியது. தென்னைப் பேன் நுழையும். அதனிலும் பருத்த இரைகௌவி நுழையாது. பேன் தாக்கிய காய்களிலோ இவ்விடுக்கு சற்று அகன்றுவிடுகிறது, இரைகௌவிக்கும் வழி திறக்கிறது. கலைப்பிரிவில் பயின்ற நம்மைப் போன்றோருக்கு, ஒரு தேங்காயின் காம்படியில் மயிரிழை அளவான இடைவெளி ஒன்று ஒரு மாவட்டத்தின் பொருளாதாரத்தோடு தொடர்புடையது என்று உணர்வதற்கே நெடுநேரம் பிடித்தது.

வந்த பின் தேடுவதற்கும், வருமுன் அறிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கு கேள்வி. நம் தென்னை முடியில் இயல்பாக எவை வாழ்கின்றன என்ற பட்டியல் 1997க்கு முன்னரே கையில் இருந்திருப்பின், புதிதாக வந்ததை உடனே இனங்காண முடிந்திருக்கும். அதனை உண்ணக்கூடியது எது என்று தேடிய ஆண்டுகளிற் சிலவும் மீதமாகியிருக்கும். இதற்கு முன்னரும் 1970இல் பிலிப்பைன்ஸ் பக்கத்து இலைத் துளைப்பான் வண்டு ஒன்று இந்நாட்டுத் தென்னைகளுக்கு வந்ததும், சிங்கப்பூரிலிருந்து வருவிக்கப்பட்ட ஒரு நுண்குளவியால் அது அடக்கப்பட்டதும் மூத்த தோட்டக்காரருக்கு நினைவிருக்கலாம். அண்மை ஆண்டுகளில் வெண் ஈ வந்துள்ளது. இலையின் அடியில் அமர்ந்து சாறுண்டு, அது கசியவிடும் இனிப்புத் திரவத்தின் மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து ஓலை கறுக்கிறது. 2016இல் பொள்ளாச்சித் தோப்புகளில் சுருள் வெண் ஈ தோன்றியபோது தமிழ்நாட்டின் வேளாண் அறிஞர்கள் கண்டபடி பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம் என்று எச்சரித்ததற்குக் காரணம், அதனைக் கட்டுப்படுத்தும் நுண்குளவியும் அதே ஓலையில் வாழ்வதுதான். எந்தக் குளவி எந்த ஓலையில் என்று தெரியாத விவசாயி எதனை நம்பி மருந்துப் போத்தலைக் கீழே வைப்பான்?

மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று கலந்து அமையும் மேற்றளத்தை விதானம் என்பது அறிவியல் வழக்கு. விதானத்தின் சிற்றுயிர்களை முறையாகக் கணக்கெடுக்கும் துறை பெரிதும் கடந்த அரை நூற்றாண்டுக்கு உரியது. சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ரெரி எர்வின், பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் முடிகளுள் பூச்சிகொல்லிப் புகையைச் செலுத்திக் கீழே விழுந்தவற்றைச் சேகரித்தார். வண்டுகளில் மட்டும் சுமார் 1,200 இனங்கள் கிடைத்தன. இதிலிருந்து அவர் கணித்து 1982இல் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றில் வெளியிட்ட எண், வெப்பவலயத்தில் மூன்று கோடிக் கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்பது. அதுவரை விவரிக்கப்பட்டிருந்த உயிரினங்கள் யாவும் சேர்ந்தும் அதன் சிறு பகுதியே. பின்வந்தோர் அவ்வெண்ணை வெகுவாகக் குறைத்தனர். இன்று மூன்று கோடியை ஏற்போர் அரிது. ஆயினும் மேலே பார்க்க வேண்டும் என்று உலகுக்கு உணர்த்தியவர் அவரே.

அதே பனாமாவில் 2003, 2004 ஆண்டுகளில் சான் லொரென்சோ வனத்தில் 102 ஆய்வாளர்கள் தொடர்புபட்ட பேராய்வு நடந்தது. அரை ஹெக்டயருக்கும் குறைந்த நிலப்பரப்பின் மாதிரிகளிலிருந்து 6,144 கணுக்காலி இனங்கள் பிரித்தறியப்பட்டன. அவ்வனத்தின் ஒவ்வொரு பாலூட்டி இனத்துக்கும் எதிரே 312 கணுக்காலி இனங்கள் இருப்பதாக 2012இல் வெளியான முடிவு கூறிற்று. குரங்கை எண்ணுவதோடு நின்றுவிட்டால் எவ்வளவை விட்டுவிடுகிறோம் என்பதற்கு இது ஓர் அளவு.

புத்தளக் கரையோரத்தின் மற்றொரு விதானம் கண்டல். புத்தளம் களப்பு, முந்தல், சிலாபம் வரை நீளும் இவ்வனங்கள் 1980கள் தொடக்கம் இறால் பண்ணைகளுக்காக வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளைத் தாக்கிய பின்னர் பல குளங்கள் கைவிடப்பட்டன. வெட்டிய கண்டலும் இல்லை, வளர்த்த இறாலும் இல்லை என்ற நிலை. 2001இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட ஆனைவிழுந்தான் சரணாலயத்தின் எல்லைக்குள்ளும் அத்தகைய குளங்கள் உள்ளன. இன்று அலை திரும்பியுள்ளது. பம்பலயில் 2016இல் கண்டலுக்கென ஓர் அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2030க்குள் 10,000 ஹெக்டயர் என்பது இலக்கு.

இலக்கு பெரிது, பாராட்டுகிறோம். ஆனால் வெற்றியை எதனைக் கொண்டு அளப்பது? ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாடெங்கும் நடப்பட்ட கண்டல்களை ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர் கொடிகார தலைமையிலான குழு ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு கசப்பானது. ஆயிரம் தொடக்கம் 1,200 ஹெக்டயர் வரையான நடுகையில் தப்பியது ஏறத்தாழ 200 ஹெக்டயரே. ஆராயப்பட்ட 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்கள்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றில் இரண்டு புத்தளம் மாவட்டத்தவை என்பது இம்மாவட்டத்தவர் பெருமைப்படத்தக்கது. பராமரிப்பு இருந்த இடத்தில் கன்று பிழைத்தது என்பதே அவ்வாய்வின் சாரம்.

பிழைத்த கன்று வனமாயிற்றா என்பது அடுத்த வினா. அதற்கு விடை கிளைகளில் இருக்கிறது. கண்டல் வனத்தில் மர இனங்கள் மிகக் குறைவு. எனவே பூச்சிகளும் குறைவாகவே இருக்கும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சிங்கப்பூரில் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்று இக்கருத்தைத் தலைகீழாக்கிற்று. பல்வேறு வாழிடங்களிலிருந்து வலைக்கூடார் பொறிகளில் விழுந்த 140,000 பூச்சிகளை மரபணுக் குறியீட்டைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, அச்சிறு தீவின் கண்டல்களில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் காணப்பட்டன. அவற்றுட் பாதிக்கு மேல் கண்டலுக்கே உரியவை. சேற்றில் குடம்பியாக வளர்ந்து பிற பூச்சிகளை இரைகொள்ளும் ஈ வகைகள் அங்கே அளவுகடந்து பெருகியிருந்தன. ஆக, சேறும் கிளையும் இரு உலகங்கள் என்று பிரித்துப் பார்ப்பதே தவறாகிறது.

இன்னுமொரு பழைய சோதனையை இங்கு சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1966, 67ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் எட்வர்ட் வில்சனும் டானியல் சிம்பர்லொவும் ஆறு சின்னஞ்சிறு கண்டல் திட்டுகளைக் கூடாரமிட்டு மூடி, நச்சுப்புகை செலுத்தி, அங்கிருந்த கணுக்காலிகள் அனைத்தையும் அழித்தனர். பின்னர் ஒவ்வொரு மரத்தையும் தடவித் தடவித் தேடி, திரும்ப வருபவற்றை எண்ணினர். ஓராண்டுக்குள் பெரும்பாலான திட்டுகளில் இனங்களின் தொகை பழைய அளவை நெருங்கியது. மிகத் தொலைவில் இருந்த திட்டு பின்தங்கியது. ஆனால் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் முன்பிருந்த அதே இனங்கள் அல்ல.

நமது மீள்நடுகைக்கு இதில் நேரடியான பொருள் உண்டு. வாழும் கண்டலுக்கு அருகில் உள்ள கைவிடப்பட்ட குளமும், தொலைவில் தனித்து நடப்பட்ட திட்டும் ஒரே விதமாகக் குடியேற்றம் பெறா. யார் முதலில் வந்தார், எதிரிகள் எப்போது வந்தனர் என்பதைப் பொறுத்து ஒரு திட்டு செழிக்கும். இன்னொன்று புழுவுக்கு இரையாகும். மும்பையின் வெண்கண்டல் தோப்புகளை இலையின்றி மொட்டையடித்த புழு, தேக்குத் தோட்டங்களில் பேர்பெற்ற அதே புழுதான். தாங்குவேர்க் கண்டல் ஒன்றையே வரிசை வரிசையாக நட்டுவிட்டு ‘வனம்’ என்று பெயர்ப்பலகை வைக்கும் பழக்கம் நம்மிடம் இருந்துள்ளதால் இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று. தென்னைத் தோப்பு ஒரே இன மரங்களின் விதானம்; அதில் ஒரு பேன் என்ன செய்தது என்பதைக் கற்பிட்டி அறியும்.

இத்தகைய கணக்கெடுப்பு பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று சொல்வோர் உளர். பனாமாவில் பாரந்தூக்கிகளும் வான்பலூனும் பயன்பட்டது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக் காக்காச்சி வனத்தில் சௌபத்ரா தேவி, கணேஷ் முதலான ஆய்வாளர்கள் கயிற்றில் ஏறியே, மழைக்காட்டு மரமுடிகளில் எந்தப் பூவை எந்தப் பூச்சி நாடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிந்தனர். நமது கண்டல்களோ காக்காச்சி மரங்களைப் போல் உயர்ந்தவை அல்ல. களப்பில் ஒரு தோணி, கிளையின் கீழ் விரிக்க ஒரு வெள்ளைச் சீலை, தட்டுவதற்கு ஒரு தடி, சில வலைக்கூடாரப் பொறிகள், மாதிரிகளைப் பேண மதுசாரம். தென்னைக்கு ஏறுகிறவர் வேண்டும். களுத்துறைப் பக்கத்தில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் நடந்து கள் இறக்குவோரை விடத் தேர்ந்த விதான நிபுணர் யார்? பூச்சிகொல்லிப் புகை முறையை மட்டும் நாம் ஆதரிக்க மாட்டோம். மீன்பிடிக் களப்பின் மேல் நஞ்சு தூவி அறிவு சேர்ப்பது நமக்குத் தேவையில்லை.

உண்மையான தடைகள் வேறு. பிடித்த பூச்சியை இன்னதென்று சொல்லத் தெரிந்த வகைப்பாட்டறிஞர் மிகக் குறைவு. 2012இல் வெளியான தேசிய செந்தரவுப் பட்டியலிலும் முதுகெலும்பிலிகளுள் வண்ணத்துப்பூச்சி, தும்பி, தேனீ, நிலநத்தை போன்ற சில கூட்டங்களுக்கே இடம் கிட்டியது. மரபணுக் குறியீடு இச்சுமையை ஓரளவு குறைக்கும். ஆனால் மாதிரிகள் முழுவதையும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும் அட்டவணையை மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கூடாது. மாதிரிகளின் ஒரு பகுதி இந்நாட்டு அரும்பொருட்சாலையிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது அதிகார எல்லை. தென்னை ஒரு நிறுவகத்தின் பொறுப்பு. கண்டல் வனத் திணைக்களத்துடையது. சரணாலயத்துள் அமைந்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது. கரையோரத்துக்கு வேறொரு திணைக்களம். பூச்சிக்கு இவ்வெல்லைகள் தெரியாது. களப்போரக் கண்டலிலிருந்து நூறு யார் பறந்தால் தென்னை. கண்டலிலும் முந்திரியிலும் மாமரத்திலும் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு, முந்திரித் தளிரைக் கருக்கும் நாவாய்ப்பூச்சியை வேட்டையாடுவதால் தோட்டக்காரருக்குத் துணைவன்; காய் பறிக்க ஏறுகிறவருக்கோ எமன். அதனை எந்தத் திணைக்களத்தின் பதிவேட்டில் எழுதுவது?

ஒரு வழி கண்ணுக்குத் தெரிகிறது. லுணுவில நிறுவகமும், மீன்வளத்திலும் விவசாயத்திலும் பீடங்கள் கொண்ட வயம்ப பல்கலைக்கழகமும், ஆனைவிழுந்தானில் பொறுப்பு வகிக்கும் திணைக்களமும் இணைந்து, வரட்சி, மழை ஆகிய இரு பருவங்களையும் உள்ளடக்கிய ஓராண்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கலாம். பழைய கண்டல் ஒன்று, மீள்நட்ட திட்டு ஒன்று, அருகிலுள்ள தோப்பு ஒன்று என மூன்றையும் ஒப்பிட்டால் போதும். களப்பு மீனவரும் தோட்டக்காரரும் தமக்குத் தெரிந்த பெயர்களையும் பருவங்களையும் மூன்று மொழிகளிலும் பதிந்து தருவர். இப்பகுதியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே களப்பைப் பகிர்ந்து வாழ்வதால் ஒரே பூச்சிக்கு மூன்று பெயர்களும் மூன்று கதைகளும் கிடைக்கும்.

2015க்குப் பின் நடப்பட்ட கன்றுகள் பல இடங்களில் கிளை பரப்பத் தொடங்கிவிட்டன. முதற் குடியேறிகளைப் பதிவு செய்வதற்கு இதுவே காலம். இன்னும் பத்தாண்டு சென்றால் எது முதலில் வந்தது என்று கேட்கவும் முடியாது. மீள்நடுகைக்கு நிதி தரும் கம்பனிகளும் தூதரகங்களும் கோரும் முன்னேற்ற அறிக்கைகளில் நட்ட கன்றுகள், பிழைத்த கன்றுகள், சேமித்த காபன் என நிரல்கள் உள்ளன. அவற்றின் அருகே ‘கிளைகளில் காணப்பட்ட கணுக்காலிகள்’ என ஒரு நிரலைச் சேர்ப்பதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. அடுத்த நடுகை ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் அதிகாரி ஒருவரின் பேனா போதும்.